அருளப்பண்ணை எழுதிய அட்டை

அருளப்பு அண்ணை, எங்கள் எல்லோருக்கும் அருளப்பண்ணை, இறந்த செய்தி எனக்கு மூன்று தடவை வந்தது. முதலில் சிவபாதத்தார் தொலைபேசியில் அழைத்தார். "அருளப்பண்ணை மோசம் போயிட்டார்" என்றார். எப்போது, எப்படி என்று நான் கேட்பதற்குள் தொலைபேசியை வைத்துவிட்டார். இருபது வருடம் ஒரே சமையலறையில் பக்கத்துப் பக்கத்தில் நின்றவர்கள். அழட்டும் என்று நானும் திருப்பி அழைக்கவில்லை. இரண்டாவது தடவை, ரொக்ஸ்பரோ ரயில் மேடையில், முகம் தெரிந்து பெயர் தெரியாத ஒருவர், நாளைக்கு மழை என்று சொல்வதைப்போலச் சொல்லிவிட்டு ரயிலில் ஏறினார். மூன்றாவது அழைப்பு எங்கள் தேவாலயப் பங்கில் கிறிஸ்மஸை, எங்கள் பேச்சில் நத்தாரை, நடத்தும் குழுவின் தலைவர் மரியநாயகத்திடமிருந்து வந்தது.

"தம்பி, கேள்விப்பட்டிருப்பியள்."

"ஓம் அண்ணை."

"நல்ல மனுசன்."

"ஓம் அண்ணை."

"நத்தார் மலருக்கு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. பகிடி ஒண்டும் வேண்டாம்." பிறகு கொஞ்ச நேரம் இருமினார். "அதோடை இன்னொரு விசயம். இந்த வருசம் அதை ஆர் செய்யிறது?"

"எதை?"

"அதுதான், அந்த இது. சுத்தி, ஓவனுக்குள்ளை வைச்சு... உங்களுக்குத் தெரியும்தானே."

எனக்குத் தெரியும். எட்டு நத்தாராக அவர் தட்டு நிறையச் சாப்பிட்ட ஒன்றை என்ன சொல்லி அழைப்பது என்று எங்கள் தலைவருக்கு இன்னமும் தெரியாது. அதற்குச் சரியான பெயரை வைத்திருந்தவர் அன்றைக்கு ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருந்தார்.

இந்த மலரை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானோர் அருளப்பண்ணையை அறிவீர்கள். அறியாதவர்களும் அவருடைய கையால் சாப்பிட்டிருப்பீர்கள். மன்னார்க்காரர். எண்பதுகளின் நடுவில் கனடாவில் மொன்றியலுக்கு வந்தார். வெஸ்ற் ஐலண்டில் பழைய ஆங்கிலக் குடும்பங்கள் கூடும் ஒரு கோல்ஃப் கிளப்பில் பாத்திரம் கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சலாட் மேசைக்கு ஏறி, கடைசியில் விருந்துச் சமையலுக்குப் பொறுப்பாக நின்றவர். கோல்ஃப் எப்படி விளையாடுவது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. "புல்லை வெட்டுறாங்கள், பேந்து அதுக்கு மேலை நடக்கிறாங்கள்" என்பதுதான் அந்த விளையாட்டைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து.

தலைவர் இருமி இருமிச் சொன்ன பொருள் இதுதான். சுண்டுவிரல் அளவான பன்றி சொசேஜ். அதைச் சுற்றி மெல்லிய பேக்கன், அதாவது உப்பூட்டிய பன்றி இறைச்சிப் பட்டை. ஓவனில் வைத்து வாட்டி எடுக்க வேண்டியது. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கிளப்பில் இதற்கு ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பெயர் இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த கிழவர்கள் போர்வைக்குள் கிடக்கும் பன்றிகள் என்றார்கள். இங்கே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதே பெயர், மாவுக்குள் வைத்துச் சுட்ட சொசேஜைக் குறித்தது. ஆகவே ஒவ்வொரு டிசம்பரும் யாராவது ஒருவர் தட்டைத் திருப்பி அனுப்பிப் போர்வை எங்கே என்று கேட்டார். ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் மட்டும் அவற்றைப் பாவாடை கட்டிய சிப்பாய்கள் என்று அழைத்தார். அவர் மூன்றாவது கிண்ணத்துக்குப் பிறகுதான் அப்படி அழைத்தார் என்பார் அருளப்பண்ணை. தலைமைச் சமையல்காரர் கியூபெக்காரர். அவர் பிரெஞ்சில் ஒரு பெயர் எழுதினார். அது பெயர் இல்லை, செய்முறை.

சமையலறைக்குள் நின்ற தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இருக்கவில்லை. அவர்கள் அதைச் 'சுத்தினது' என்றார்கள். "சுத்தினது ரெண்டு தட்டு போகட்டும்" என்றால் போகும்.

அருளப்பண்ணை அதைச் செய்யும் விதத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேக்கனைப் பலகையில் நீளமாக விரித்து, கத்தியின் முதுகால் ஒருதரம் இழுப்பார். அது கண்ணாடிபோல மெலியும். பிறகு பாதியாக வெட்டி, சொசேஜை வைத்து ஒரே உருட்டு. மற்றவர்கள் அது கழன்றுவிடாமல் பல்லுக் குச்சியைக் குத்துவார்கள். இவர் குச்சி தொடமாட்டார். பட்டையின் ஓரம் ஒட்டும் பொருத்து கீழே வரும்படி தட்டில் அடுக்குவார். "குச்சி குத்தினா ஆரும் ஒரு பிள்ளை விழுங்கும். பொருத்து கீழை இருந்தா அது தன்ரை பாரத்திலையே நிக்கும்" என்று சொல்வார். யாரும் பார்க்காத பக்கத்தில்தான் வேலை இருக்கிறது என்பதை அவர் வேறு விதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தத்துவம் பேசும் பழக்கம் அவருக்கு இருக்கவில்லை. எங்கள் குழுவில் அதற்கு வேறு ஆட்கள் இருந்தோம்.

பங்கின் நத்தார் விருந்துக்கு அவர் முதன்முதல் ஒரு தட்டுச் சுத்தினதைக் கொண்டுவந்தபோது யாரும் கொண்டுவரச் சொல்லியிருக்கவில்லை. இறைச்சிக் கறிக்கும் கேக்குக்கும் நடுவில் வைத்தார். பங்குச் சுவாமி செபம் சொல்லி முடிக்கும்போது தட்டில் பேக்கனின் எண்ணெய் மட்டும் இருந்தது. செபத்தின்போது கண்ணை மூடியிருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஆறு தட்டுகள் கொண்டுவந்தார். அதற்கடுத்த வருடம் அது இல்லாமல் நத்தார் இல்லை என்று ஆகிவிட்டது. ஒன்று மரபாவதற்கு எங்கள் ஆட்களுக்கு மூன்று வருடம் போதும்.

பெயர்ப் பிரச்சினையைத் தொடக்கியவன் நான். அந்த மூன்றாம் வருடம்தான் என்னைக் குழுவின் செயலாளர் ஆக்கினார்கள். கையெழுத்து வடிவாக இருக்கிறது, வேலைக்கும் பெரிதாகப் போவதில்லை என்பது காரணம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் நல்ல தமிழில் பெயர் எழுதிய அட்டை வைக்க வேண்டும் என்று நான் பிரேரித்தேன். ரோல்ஸுக்கும் கட்லெட்டுக்கும் பிரச்சினை இல்லை. இதற்கு வந்தபோது கூட்டம் நின்றது.

"பண்டி எண்டு எழுதேலாது" என்றார் தலைவர். "பக்கத்திலை பாலன் குடில் வேறை இருக்கு."

"மாட்டை மட்டும் குடிலுக்குள்ளையே வைச்சிருக்கிறம்" என்றார் அருளப்பண்ணை.

எனக்கு உள்ளூர ஒரு பெயர் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கூட்டங்களில் உருண்டையான ஓர் ஆளை மேடையில் நிறுத்தி, பளபளப்பான துணி ஒன்றைச் சுற்றிவிடுவோம் அல்லவா, அதைத்தானே இதற்கும் செய்கிறார்கள். 'பொன்னாடை போர்த்தியது' என்று எழுதினால் என்ன என்று நினைத்தேன். தலைவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல்லாமல், 'நத்தார்ச் சுருள்' என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எங்கள் குழு இன்றுவரை ஏகமனதாக எடுத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

அருளப்பண்ணை மட்டும் யோசித்தார். "கேக்க வடிவாத்தான் கிடக்கு, செக்ரட்டரி. ஆனா உள்ளுக்கு என்ன இருக்கெண்டு சொல்லேல்லையே."

"எந்த மேசையிலை இருக்கெண்டு பாத்தாத் தெரியும்தானே அண்ணை" என்றேன்.

மேசைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் நத்தார் விருந்துக்கு வருபவர்களில் பாதிப் பேர் சைவக்காரர். முருகன் கோவில் தேருக்கு அவர்கள் எங்களை அழைப்பார்கள். நத்தாருக்கு நாங்கள் அவர்களை அழைப்போம். இரு தரப்பும் சாப்பாட்டையே முக்கியமாகக் கொண்டதால் மதங்களுக்கிடையே பெரிய கருத்து வேறுபாடு வந்ததில்லை. மண்டபத்தின் இடது பக்கம் மீனும் இறைச்சியும் வைக்கும் மச்ச மேசை, வலது பக்கம் மரக்கறி மேசை. மரக்கறி மேசைக்கு வேறு பாத்திரம், வேறு அகப்பை. இந்த ஒழுங்கு அருளப்பண்ணையுடையது. அதில் அவர் கண்டிப்பு.

அந்த ஒழுங்கை நம்பித்தான் பாக்கியக்கா அந்த வருடம் வந்தார். பாக்கியக்கா சிவபாதத்தாரின் மனைவி. பியர்பொன்ட்ஸில் வீடு. அவர்களுடைய கடைசி மகன் கொழும்பில் ஓர் அறையில் இருந்துகொண்டு கனடா விசாவுக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தான். நேர்முகத்துக்குத் தை மாதம் நாள் கொடுத்திருந்தார்கள். மகனுக்காக அக்கா பிள்ளையார் விரதம் பிடித்துக்கொண்டிருந்தார். கார்த்திகை முடிகிறபோது தொடங்கி இருபத்தொரு நாள், கையில் நூல் காப்பு, ஒரு நேரச் சாப்பாடு. அப்படி விரதம் இருக்கிறவர் வெளியில் கை நனைக்கமாட்டார். ஆனால் கணவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்த மனுசன் நேரில் வந்து அழைத்தபோது மறுக்க முடியவில்லை.

"தங்கச்சி, மரக்கறி மேசைக்கு நான் பொறுப்பு. ஒரு துளி அங்கை இஞ்சை போகாது. நீங்கள் பயப்பிடாமல் வாங்கோ" என்று அருளப்பண்ணை சொல்லியிருந்தார்.

நத்தாருக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. விரதத்தின் பதின்மூன்றாவது நாள். சிவபாதத்தாருக்குக் கிளப்பில் வேலை. அக்கா பஸ்ஸில் தனியாக வந்திருந்தார். நடந்தது மிகச் சிறிய விசயம். மேசை அடுக்கிய பெண்பிள்ளை, 'நத்தார்ச் சுருள்' என்ற என் அட்டையை வாசித்துவிட்டு, சுருள் என்றால் மரக்கறி ரோல்ஸ் வகையாக்கும் என்று நினைத்து, அலுமினியத் தாள் மூடிய ஒரு தட்டை அட்டையோடு சேர்த்து வலது பக்கம் வைத்துவிட்டாள். அவளில் பிழை இல்லை. அந்தப் பெயரை வாசித்து யாரும் வேறு எதையும் நினைத்திருக்க முடியாது. அவ்வளவு நல்ல தமிழ்.

அந்த நேரம் நான் மேடையில் நின்றேன். பிரதம விருந்தினராக நகரசபைக்காரர் ஒருவர் வந்திருந்தார். இரண்டு மாதத்தில் அவருடைய பெயரை எல்லோரும் மறந்துபோனோம். அவருக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி. துணியின் ஒரு தலைப்பைத் தலைவரும் மற்றத் தலைப்பை நானும் பிடித்திருந்தோம். படம் எடுப்பவர், "அப்பிடியே நில்லுங்கோ, பிளாஷ் வேலை செய்யேல்லை" என்றார். அப்படியே நின்றோம்.

மேடையிலிருந்து பார்த்தால் மண்டபம் முழுவதும் தெரியும். பாக்கியக்கா வலது பக்க மேசையில் நின்றார். தட்டின் தாளைத் திறந்தார். உள்ளே இருந்ததை நான் கண்டேன். அக்கா பேக்கனைக் கண்டதில்லை. சோயாமீற்றைச் சுருட்டிப் பொரித்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். ஒன்றை எடுத்தார். பிறகு யாரிடமாவது கேட்போம் என்று நிமிர்ந்தார். என்னைத்தான் கண்டார். கையில் இருந்ததைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டி, சாப்பிடலாமா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

மேடையில் நிற்பவனைப் பார்த்து யாராவது முகம் காட்டினால் அவன் என்ன செய்வானோ அதையே நான் செய்தேன். சிரித்துத் தலையாட்டினேன்.

அடுத்த கணமே எனக்கு விளங்கியது. வாயைத் திறந்து கத்தியிருக்கலாம். துணியை விட்டுவிட்டு இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் பிரதம விருந்தினரின் ஒரு தோள் மூடியும் மற்றத் தோள் மூடாமலும் இருந்தது. அந்த நிலையில் ஒருவரை விட்டுவிட்டு இறங்கும் தமிழனை நான் இதுவரை கண்டதில்லை. பிளாஷ் வெட்டியது. அக்கா ஒன்றைச் சாப்பிட்டு, நன்றாக இருந்ததால் இன்னொன்றை எடுத்தார்.

சமையலறை வாசலிலிருந்து அருளப்பண்ணை ஓடிவந்தார். ஆறு தட்டில் ஒன்று இடது பக்க மேசையில் குறைவதைக் கண்டு தேடியிருக்கிறார். "தங்கச்சி, வையுங்கோ. அது பண்டி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நான் மேடையில் நின்றும் அது எனக்குக் கேட்டது.

அக்கா சத்தம் போடவில்லை. கையில் இருந்ததைத் தட்டிலேயே வைத்தார். கை கழுவினார். கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அருளப்பண்ணை பின்னாலேயே போனார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார், அக்கா ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒன்று. பனி கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்து ஜன்னலால் பார்த்தபோது தரிப்பிடத்தில் இருவரும் இரண்டு முழ இடைவெளியில் நின்றார்கள். அவர் கோட் இல்லாமல், சமையல் ஏப்ரனோடு நின்றார். பஸ் வந்ததும், "உள்ளை போங்கோ அண்ணை, குளிருது" என்று மட்டும் அக்கா சொன்னாராம்.

அடுத்த நாள் பின்னேரம் அருளப்பண்ணை அவர்களுடைய வீட்டுக்குப் போனார். சிவபாதத்தார் முன்னறையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அக்கா குசினிக்குள் இருந்து வெளியே வரவில்லை. அருளப்பண்ணை உட்காராமல், குசினிக்குக் கேட்கும்படியாகச் சொன்னார்.

"தங்கச்சி, தட்டை அந்த மேசையிலை வைச்சது நான்தான். என்ரை பிழை. உங்கடை விரதம் என்னாலை முறிஞ்சுபோச்சு. மிச்சம் எட்டு நாளையும் உங்கடை பிள்ளைக்காக நான் பிடிக்கிறன். வேதக்காரன் பிடிச்சாப் பிள்ளையாருக்குச் சரிவருமோ தெரியாது. சரிவராட்டி அவர் சொல்லட்டும்."

குசினியில் தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. பிறகு அக்கா தன் கணவனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஒரு நேரம்தான் எண்டு சொல்லுங்கோ. உப்புப் பாக்கிறதும் சாப்பாடுதான் எண்டு சொல்லுங்கோ."

இதைச் சிவபாதத்தார் எனக்குச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நத்தார் வாரத்தில், வருடத்தின் மிகப் பெரிய விருந்துகளுக்குப் பொறுப்பாக நிற்கும் ஒரு சமையல்காரனுக்கு இதைவிடக் கடுமையான ஒன்றை விதிக்க முடியாது. அருளப்பண்ணை "ஓம்" என்று சொல்லிவிட்டு வந்தார். கிளப்பில் பெரிய இறைச்சித் துண்டுகளைக் கட்டும் பருத்தி நூலில் கொஞ்சம் வெட்டி வலது மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். அக்காவின் கையில் இருந்தது இருபத்தொரு இழை. இவருடையது எத்தனை இழை என்று அவருக்குத் தெரியாது. தொழிற்சாலைக்காரன் முறுக்கியபடி இருந்தது.

அந்த எட்டு நாளும் அவர் நூற்றுக்கணக்கில் சொசேஜ் சுற்றினார். பகல் ஒரு நேரம் சோறும் பருப்பும். மற்ற நேரம் தண்ணீர். உப்பும் உறைப்பும் பார்க்கும் வேலை சிவபாதத்தார் தலையில் விழுந்தது. சைவக்காரர் பேக்கனைச் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்ல, வேதக்காரர் பிள்ளையார் விரதம் காத்தார். சிவபாதத்தார் வேலையிடத்தில் மரக்கறிக்காரர் அல்ல என்பதைப் பாக்கியக்கா எப்போதோ அறிவார். இருபது வருடமாக அவருடைய உடுப்புத் துவைக்கிறவர் அவர்தான். ஆகவே இதை எழுதுவதால் குடும்பம் எதுவும் குலையாது.

"உப்புக் காணுமோ? போதும்தானே?"

"காணும் போலை கிடக்கு. வடிவாத் தெரியேல்லை. இன்னொண்டு பாக்கட்டே?"

"காணும் எண்டாக் காணும். வையும் கீழை."

வீட்டில் அருளப்பண்ணையின் மனைவி ரெஜினாக்காவுக்குத்தான் தாங்க முடியவில்லை. "தவக்காலத்திலை ஒரு வெள்ளிக்கிழமை ஒழுங்கா இருக்காத மனுசன், பிள்ளையாருக்குப் பட்டினி கிடக்குது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். நத்தார் அன்று காலைப் பூசையில் நன்மை அப்பம் வாங்க அருளப்பண்ணை கை நீட்டியபோது சுவாமி மணிக்கட்டைக் கண்டுவிட்டார். பூசை முடிந்ததும் கூப்பிட்டு, "உதென்ன அருளப்பு?" என்று கேட்டார்.

"கடன் ஒண்டு சுவாமி. இன்னும் கொஞ்ச நாளிலை முடிஞ்சிடும்."

சுவாமி கொஞ்சம் யோசித்தார். "சாப்பிடாமல் இருக்கிறதுக்கு எங்கடை சபையிலை ஒரு தடையும் இல்லை" என்றார். அன்று பகல் ரெஜினாக்கா வீடு நிறைய ஆட்களுக்குச் சமைத்துப் போட்டார். வீட்டுக்காரர் மேசையின் மூலையில் பருப்புச் சோறு சாப்பிட்டார். முகத்தில் தியாகம் செய்கிற பாவனை எதுவும் இருக்கவில்லை. வேலை முடியவில்லை என்ற பாவனைதான் இருந்தது.

விரதம் முடிந்த பிறகு அவரைத் தேடிப் போனேன். அவர் காரிலிருந்து தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அக்கா என்னைப் பாத்துக் கேட்டவா. நான் தலையாட்டிப் போட்டன்."

"கண்டனான்."

"பேந்து ஏன் நீங்கள் வைச்சதெண்டு சொன்னனீங்கள்?"

"மரக்கறி மேசைக்கு நான் பொறுப்பெண்டு சொல்லிக் கூப்பிட்டனான். ஆர் வைச்சாலும் நான் வைச்சதுதான்." தட்டுகளை என் கையில் தந்தார். பிறகு அவருடைய குரல் மாறாமல் ஒன்று கேட்டார். "ஏன் செக்ரட்டரி, அந்தச் சால்வையை விட்டிருந்தா அந்தாளுக்குக் குளிர்ந்திருக்குமோ? மண்டபத்திலை ஹீற்றர் போட்டிருந்ததே."

அவர் கார்க் கதவை மூடினார். "நேரம் பாத்து நீயே அவவுக்குச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஆறு வருடத்தில் நேரம் கிடைக்காத அளவுக்கு எனக்கு வேறு வேலை இருக்கவில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருடம் மகனுக்கு விசா மறுத்துவிட்டார்கள். அருளப்பண்ணை ஒரு கிழமை யாரோடும் கதைக்கவில்லை. மேல்முறையீடு செய்து, இரண்டு வருடம் கழித்து அவன் வந்து சேர்ந்தான். இதில் பிள்ளையாருக்கு எவ்வளவு பங்கு, குடிவரவு அலுவலகத்துக்கு எவ்வளவு பங்கு, பருப்புச் சோற்றுக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் சொல்ல முடியாது. விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டுபோனவர் அருளப்பண்ணை என்பது மட்டும் தெரியும்.

ஆனால் பாக்கியக்கா அவரோடு மறுபடி கதைக்கத் தொடங்கியது அதற்கு முன்பே. அடுத்த நத்தார் விருந்திலேயே. அன்று நான் வழக்கம்போல என்னுடைய அட்டைகளோடு போனேன். சுத்தினதுக்கு முன்னால் ஏற்கனவே ஓர் அட்டை இருந்தது. கோர்ன்ஃபிளேக்ஸ் பெட்டியை வெட்டி, அதன் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால், மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில் அருளப்பண்ணை எழுதியிருந்தார்:

பண்டி. உள்ளுக்கும் பண்டி. வெளியிலையும் பண்டி.

தலைவர் பதறிவிட்டார். "அருளப்பு, உதென்ன அசிங்கமா? ஆக்கள் வரப்போகினம்."

"சாப்பிடேக்கை அசிங்கம் இல்லை, வாசிக்கேக்கைதான் அசிங்கமோ?"

அட்டை அங்கேயே இருந்தது. பாக்கியக்கா வந்தார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்று, மூன்று வரியையும் வாய்விட்டு வாசித்தார். பிறகு சமையலறை வாசலைப் பார்த்து, "இப்ப விளங்குது அண்ணை" என்றார். மரக்கறி மேசைக்குப் போனார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் அருளப்பண்ணையிடம் சொன்ன முதல் சொல் அது. அன்றைக்கு அருளப்பண்ணை உள்ளே போய்ச் சும்மா கிடந்த பாத்திரங்களைத் திரும்பவும் கழுவினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நத்தாருக்கும் அதே அட்டைதான். எண்ணெய் பட்டுப் பட்டு அது கிட்டத்தட்ட ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்துவிட்டது. நான் நிறைய எழுதியிருக்கிறேன். அந்த மூன்று வரியைப்போல யாருக்கும் உதவிய வரி எதையும் நான் எழுதியதில்லை.

அவரை அடக்கம் செய்த நாளில் மழையும் பனியும் கலந்து பெய்தது. பெட்டி தூக்கிய ஆறு பேரில் பாக்கியக்காவின் கடைசி மகனும் ஒருவன். அவனுக்கு இந்தக் கதை தெரியுமா என்று எனக்குத் தெரியாது. மண்டபத்தில் தேத்தண்ணி கொடுத்தார்கள். எல்லோரும் களைத்திருந்தார்கள். இந்தப் பத்து வருடத்தில் இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்காக இப்படித் தேத்தண்ணி குடித்துவிட்டோம் என்று யாரும் நினைக்க விரும்பாத களைப்பு அது. பாக்கியக்கா ஜன்னல் பக்கம் தனியாக இருந்தார். அங்கிருந்து பஸ் தரிப்பிடம் தெரியும். நான் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

"அக்கா, அண்டைக்கு அந்தத் தட்டை அருளப்பண்ணை வைக்கேல்லை."

"தெரியும்."

"நான் மேடையிலை நிண்டு..."

"தலையாட்டினீங்கள். உங்களைப் பாத்துப்போட்டுத்தானே நான் வாயிலை வைச்சனான்." அவர் என்னைப் பார்க்கவில்லை, வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சால்வையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்."

"பேந்து ஏன் அக்கா அவரை எட்டு நாள் பட்டினி கிடக்க விட்டனீங்கள்?"

"அந்த மனுசன் வந்து கேட்டுது." கோப்பையைக் கீழே வைத்தார். "நீங்களும் வருவியள் எண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனான் தம்பி. ஆறு வருசம்."

கோபமாகச் சொல்லவில்லை. காத்திருந்து அலுத்துப்போன குரல். பிறகு, என் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று சொல்லி, எழுந்து போய்ச் சூடாக இன்னொன்று கொண்டுவந்து தந்தார்.

தலைவர் பகிடி வேண்டாம் என்றார். சிரிப்பூட்டுவதை நான் இயன்றவரை விலக்கியிருக்கிறேன். அருளப்பண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த அட்டை. ரெஜினாக்கா அதைக் குப்பைக்குள் போடப்போனபோது கேட்டு வாங்கினேன். இந்த வருடம் பேக்கன் இழுக்கச் சிவபாதத்தார் சம்மதித்திருக்கிறார். பொருத்து கீழே இருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். புதிய அட்டைக்கு நல்ல பெயர் ஒன்று யோசிக்கும்படி தலைவர் நேற்றும் அழைத்தார். யோசிக்கவில்லை. பழைய அட்டையையே வைக்கப்போகிறேன். விருந்து முடியும்வரை அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பேன். பொன்னாடையை வேறு யாராவது பிடிக்கட்டும்.